காருக்குள் ஒரு பிளக் பாயிண்ட்

கோபத்தில் நான் செய்த காரியம் ஒன்றுகூட இதுவரை உருப்பட்டதில்லை. கோபத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதத்தை, கோபம் தணிந்ததும் தலைமையாசிரியரின் மேசையிலிருந்து நானே திருடி எடுத்துவர வேண்டியிருந்தது. கோபத்தில் வெட்டிய முருங்கை பக்கத்து வீட்டுக்காரருடையது. ஆனால் கோபம் வரும்போது மட்டும் உலகத்தில் எல்லாமே எனக்குத் தெளிவாகப் புரிந்துவிடும். அந்தத் தெளிவுதான் ஆபத்து. (ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதை எழுதி முடித்ததும் இன்னொன்று போட வேண்டியிருக்கும்.)

என்னுடைய கார் எண்ணூறு சிசி. அப்போது அதற்கு வயது பதினெட்டு; ஓட்டுரிமை வந்திருந்தது, ஓட்டம்தான் குறைந்திருந்தது. அந்த ரகத்திலேயே விலை குறைந்த மாடல் என்பதால், டேஷ்போர்டில் சார்ஜர் செருகும் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மூடி மட்டும் இருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே வயர் கிடையாது, இருட்டு. பதினெட்டு வருடமாக அந்த மூடி தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தது. நான்தான் வம்புக்குப் போனேன்.

என் மனைவி செல்வியின் அண்ணன் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறார். எங்கள் கோவில்பட்டியிலிருந்து முக்கால் மணி நேரம் கிழக்கே, புதூர் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவில். நூற்றிருபது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தைய தடவை வந்தவர் ஏதோ குறை எழுதிவிட்டுப் போக, கம்பெனி பதினோரு நாள் பூட்டிக் கிடந்தது. மழையை நம்பி உளுந்து விதைக்கிற ஊர்களில் பதினோரு நாள் வேலை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்தப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த முறையும் ஏதாவது கோளாறு என்றால் திங்கட்கிழமை கேட் திறக்காது.

வியாழக்கிழமை காலை மச்சான் போன் செய்தார்.

“மாப்ளே, ஆபீசர் நாளைக்குக் காலைல ரயில்ல வாராரு. நம்ம டிரைவர் வீட்ல ஒரு துட்டி, பெரியவரு தவறிட்டாரு. ஸ்டேசன்ல இருந்து நீங்க கூட்டிட்டு வந்திருங்க. வழியிலயே லேப்டாப்புல எழுதணுமாம், சார்ஜ் போட வசதி உண்டுமான்னு கேக்காரு. ஒங்க வண்டியில அதெல்லாம் இருக்கா?”

“ஏன், இருக்கே” என்றேன்.

(இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ‘ஒங்க வண்டியில’ என்ற இழுவை இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்ல ஒரு ஞானி வேண்டும்.)

நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அருள்ராஜ் அண்ணாச்சியிடம் போனேன். ஒரு லாரியின் வயிற்றுக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“பேட்டரில இருந்து தனி வயரு இழுக்கணும் சார். அங்கனயே ஒரு ஃபியூஸ் போடணும். சாவிய அணைச்சா இதுவும் அணையணும், அதுக்கு ஒரு ரிலே. திங்கக்கெழம வாங்க.”

“நாளைக்கே வேணும் அண்ணாச்சி. ரேடியோவுக்குப் போற வயர்ல இருந்து ஒரு இழுப்பு இழுத்தா என்ன?”

“அது நூலு மாதிரி வயரு. பாட்டு கேக்கத்தான் தாங்கும். சார் என்ன வேல பாக்கீங்க?”

“பத்தாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கேன்.”

“அப்பம் சரி. நீங்க போர்டுல இழுங்க, வண்டியில இழுக்காதீங்க.”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரி டிரைவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது.

இருபது வருடமாக ஓம் விதி நடத்துகிறவன் நான். மின்னோட்டம், மின்தடை, வெப்பம் என்று கரும்பலகையில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தூசியில் பாதி நுரையீரலைத் தொலைத்தவன். அன்று மதியமே மூன்று துளை உள்ள ஒரு சாக்கெட்டும், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஒரு பெட்டியும் வாங்கிவந்து, ரேடியோ வயரை உரித்துச் சேர்த்து, டேப் சுற்றி முடித்தேன். சாவி போடாமலேயே வேலை செய்தது! சாவி போடாமலேயே வேலை செய்கிறது என்பதில் நான் சந்தோஷப்பட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

செல்வி வந்து பார்த்தாள். “அண்ணனுக்கு இது தெரியுமா?”

“அண்ணனுக்காகத்தான் செய்யுதேன்.”

“அதான் கேக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனைச் செருகினேன்; ஏறியது. மகளின் லேப்டாப்பைச் செருகினேன், ஃபியூஸ் போனது. புது ஃபியூஸ் போட்டேன். அதுவும் போனது. ஃபியூஸ் என்பது குற்றவாளியின் பெயரைச் சொல்லாமல் செத்துப்போகிற சாட்சி. அதன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் ஊரில் வீட்டு ஃபியூஸ் போனால் என்ன செய்வோம்? பழைய வயரை உரித்து, செம்புக் கம்பியில் ஒரு இழையை எடுத்துக் கட்டையில் சுற்றிச் செருகுவோம். அதுவும் போனால் இரண்டு இழை. கரண்டா நாமா, யார் பிடிவாதக்காரர் என்று பார்த்துவிடுவோம். அந்தப் பரம்பரை வழக்கப்படி, செத்துப்போன ஃபியூஸின் இரண்டு காலையும் சேர்த்துச் செம்புக் கம்பி சுற்றினேன். ஏழு இழை. லேப்டாப் சமர்த்தாகச் சார்ஜ் ஏறியது. (அன்பான மாணவர்களே, உருகுவதுதான் ஃபியூஸின் கடமை என்று உங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் அப்படியே எழுதுங்கள்.)

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி இறங்கினார். மெலிந்த, அமைதியான மனிதர், வெளியூர்க்காரர். வண்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. சாக்கெட்டைக் காட்டியதும் மலர்ந்தது.

“பரவாயில்லையே சார், இவ்வளவு பழைய வண்டியில இப்படி ஒரு வசதி!”

என் வாழ்நாளில் ஒரு அரசாங்க அதிகாரி என்னைப் பாராட்டியது அது ஒருமுறைதான். அரை மணி நேரம் மிதந்துகொண்டே ஓட்டினேன். அப்போது அவர் மூக்கை உறிஞ்சினார்.

“ஏதோ கருகுற வாடை வருதே?”

“கரி மூட்டம் சார். இங்க சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் காட்டிலயே கரி போடுவாங்க” என்றேன். நம்பிக்கையோடு சொன்னேன். நானும் நம்பினேன்.

தீப்பெட்டிக் கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. அதுதான் அங்கே முதல் விதி. சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, போனைக்கூட வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். வெளி வண்டிகள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தோடு சரி. வாட்ச்மேன் கையைக் காட்டினார்.

“வண்டி இங்கனயே நிக்கட்டும் சார்.”

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியாம என்ன, மாப்ள சார்.”

“மாப்பிள்ளைய கேட்டோட நிறுத்துததுதான் ஒங்க மொதலாளி வீட்டு வழக்கமா?”

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. பெண் கொடுத்த வீட்டின் எந்தக் கதவும் இதற்குத் திறந்துவிடும். அந்த மனிதர் கேட்டைத் திறந்தார். “நடந்தே போயிடலாமே” என்றார் அதிகாரி. “இந்த வெயில்ல நீங்க நடக்கதா சார்?” என்று உள்ளே விட்டேன். அவர் லேப்டாப்பில் என்னவோ தட்டினார். பாராட்டு என்று நினைத்தேன்.

பெட்டி அடுக்கும் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தியபோது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஊதுபத்தி போல ஒரு கோடு கிளம்பியது. சாவியை அணைத்தேன். கோடு அணையவில்லை. (சாவி இல்லாமலேயே வேலை செய்யும் அல்லவா!) ஊதுபத்தி சாம்பிராணி ஆனது. சாம்பிராணி செங்கல் சூளை ஆனது.

அந்தக் கம்பெனியின் மேஸ்திரி பேச்சியம்மாள் அக்கா. அவர் குரலை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை.

“ஏட்டி மாரி, மணிய அடிட்டி! எல்லாரும் மேக்க போங்க! தீக்குச்சி மருந்து ரூம் பக்கம் ஒருத்தரும் போவப்படாது! ஆபீசர் சார், மடில இருக்க பொட்டிய போட்டுட்டு எறங்குங்க!”

அதிகாரியைக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கிடுதேன்” என்று வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, மாப்ள சார் எறங்கமாட்டேங்காவ!”

“அப்பம் அவிய மேலயே கொட்டுட்டி!”

கொட்டினார்கள். சிவப்பு வாளி, எட்டுத்திக்கிலிருந்தும் மணல். ஒரு வாளி டேஷ்போர்டுக்கு, ஒரு வாளி எனக்கு. மெஷின் ஃபிட்டர் ஓடிவந்து பேட்டரி வயரைக் கழற்றி எறிந்தார். புகை நின்றது. வாயைத் திறந்தேன்; மணல் நறநறத்தது. திட்டுவதற்குக்கூட வாய் காலியாக இல்லை.

மச்சான் ஆபீஸ் வாசலில் நின்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை. மேற்கே, சுவரோரமாக நூற்றிருபது பேர் வரிசையாக நின்றார்கள். அதில் ஒரு பெண் பேச்சியம்மாள் அக்காவிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

“திங்கக்கெழம வேல உண்டுமா அக்கா?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதாவது, போகவில்லை, முதல்முறையாகச் சரியான விலாசத்துக்கு, எனக்கே, வந்து சேர்ந்தது.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். மணி அடித்தது யார், வாளி எடுத்தது யார், மேற்கே போகச் சொல்லிக்கொடுத்தது யார். பிறகு அறிக்கையை மச்சானிடம் நீட்டினார். அதில் இரண்டு வரி எனக்கு மனப்பாடம்.

“பணியாளர்களின் தீத்தடுப்புத் தயார்நிலை நேரில் கண்டு திருப்தி கொள்ளப்பட்டது.”

“உரிமையாளரின் உறவினர் வாகனங்களை எக்காரணம் கொண்டும் வளாகத்துக்குள் அனுமதிக்கக் கூடாது.”

கையெழுத்துப் போட்டுவிட்டார். பெண்கள் கைதட்டினார்கள். மச்சான் என் தோளிலிருந்து மணலைத் தட்டிவிட்டார். “மாப்ளே, ஒங்களுக்கு நன்றி சொல்லதா, நாலு சாத்து சாத்ததான்னே தெரியல.”

இரண்டாவதைச் செய்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். கடைசியில் நன்றிதான் சொன்னார்; அதனால் இன்றுவரை முடியவில்லை.

போன மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்தில் இரு வீட்டாரும் உட்கார்ந்திருக்க, மைக்செட்காரர் கையில் வயரோடு வந்து, பெண்ணின் அப்பா என்ற மரியாதையில், “சார், கரண்டு எங்கன இருந்து எடுக்கலாம்?” என்று என்னிடம் கேட்டார்.

“அவியட்ட கேக்காதீங்க!” என்று நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதில் என் மகளின் குரலும் இருந்தது. விவரம் தெரியாத சம்பந்தி வீட்டார் பயந்து எழுந்தே விட்டார்கள். செல்வி அவர்களை உட்காரவைத்து முழுக்கதையையும் சொன்னாள், மணலோடு.

மைக்செட்காரர் பிளக் பாயிண்டைத் தேடி மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கடைசிவரை நான் சொல்லவில்லை. எனக்கும் கோபம் வராதா?