மோப்ப சாரும் செனகலுக்குப் போன நீலத்துணியும்

உலக வரலாற்றை மூக்கால் எழுதத் துணிந்த ஒரே மனிதர், புதுச்சேரி முத்தியால்பேட்டை மேன்ஷனில் என் எதிர் அறையில்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய வாடகை ரசீதில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் மோப்ப சார்.

புதுச்சேரியில் சாயம் போட்ட நீலத்துணி பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. வருஷக்கணக்காக இழுத்துவிட்டார். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

"கெடச்சதெல்லாம் வித்தவன் எழுதுனதுப்பா. வாங்குனவன் இன்னா நெனச்சான்னு ஒரு வரி இல்ல. ஒரு கரைய மட்டும் பாத்துட்டுக் கடல் கதைய எப்டி எழுதறது?" என்பார்.

விற்றவர்களின் பழைய பிரெஞ்சுக் காகிதம் ஒன்றில், செனகல்காரர்கள் முகர்ந்து பார்த்தே இது புதுச்சேரித் துணி என்று கண்டுபிடிப்பார்கள் என்றிருந்ததாம். அவ்வளவுதான், மனுஷன் ஊரையே முகர ஆரம்பித்துவிட்டார். ஜவுளிக்கடையில் லுங்கி அடுக்குக்குள் முகத்தைப் புதைத்தபோது, விற்கிற பெண் பொறுமையாகச் சொன்னாள்: "சார், தொட்டுப் பாருங்க, விரிச்சுப் பாருங்க. மூக்கு வெக்காதீங்க."

டவுன் பஸ்ஸில் முன்னால் நின்றவரின் தோளில் மூக்கை வைத்தார். அந்த ஆள் முறைத்தார்.

"ஆராய்ச்சி பண்றாருங்க," என்றேன் நான்.

"என் தோள்லயா?"

முதலியார்பேட்டைக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் வேட்டியை முகர்ந்து, "சேலம்" என்று தீர்ப்புச் சொன்னார். அது ஈரோடு. ஒருநாள் என் சட்டையை முகர்ந்து, கடல் கடந்து வந்த வாசனை என்றார். சேதராப்பட்டுக் கம்பெனியில் நான் வேலை பார்க்கும் மெஷினின் ஆயில் அது. ஒருமுறைகூட அவர் சரியாகச் சொன்னதில்லை, ஒருமுறைகூடத் தயங்கியதுமில்லை.

நவம்பரில், செனகலில் அதே துணியை ஆராயும் ஒரு பெண்மணி வீடியோ காலில் கிடைத்தார். சார் பிரெஞ்சு கற்றது எங்கள் தெரு ரிட்டயர்டு சொல்தாவிடம். அந்தப் பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரின் தோரணையிலேயே நலம் விசாரித்துவிட்டு, "உங்கள் ஊரில் எப்படி முகர்வார்கள்?" என்று கேட்டார். அந்தம்மா விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, தன் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார்.

சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அங்க யாரும் மோந்ததாவே கேள்விப்பட்டதில்லயாம். பாண்டிச்சேரிக்காரங்கதான் மோந்து பாத்து மூட்டை கட்டுவாங்கன்னு அவங்க வீட்ல பேசிக்குவாங்களாம்."

அவருடைய பெரிய அத்தியாயமே அந்த வாசனைதான்.

"போச்சா சார்?"

"இன்னா போச்சு? இப்பத்தாம்பா ரெண்டு கரையும் கெடச்சிருக்கு. நாம அவங்கன்றோம், அவங்க நாமன்றாங்க. அப்ப, நடுவுல இத எழுதி வெச்சவன் யாரைப் பாத்தான்? அதான் அத்தியாயம்."

அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதினார். பக்கம் முடிய முடிய அந்தம்மா அங்கிருந்து திருத்தினார். கடைசி நாள் கொட்டுகிற மழையில் என் வண்டியில்தான் ஆய்வேடு போனது. நான் நனைந்தேன். ரெயின்கோட் ஆய்வேட்டுக்கு.

வாய்மொழித் தேர்வில், "கடைசியில் முகர்ந்தது யார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"தெரியாதுங்க. ரெண்டு ஊர்லயும் கேட்டுட்டுத்தான் தெரியாதுன்றேன்," என்றாராம். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது செனகலில், அந்தம்மாவோடு சேர்ந்து அடுத்த ஆராய்ச்சியில் இருக்கிறார். எதிர் அறையில் வேறு ஆள். நல்ல பையன்தான், யாரையும் முகர்வதில்லை. எனக்குத்தான் பொழுது போகவில்லை.

தேர்வுக்குப் போட்டுப்போக என் நீலச் சட்டையை வாங்கிய சார், செனகலுக்குக் கிளம்பும் அவசரத்தில் துவைக்காமலே கொடுத்துவிட்டுப் போனார். நானும் இன்னும் துவைக்கவில்லை.