சிறுமலையில் அடைத்த காது

பயந்தவனுக்குப் படிப்பு துணைக்கு வராது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். குஜிலியம்பாறையிலிருந்து சிறுமலைக்குப் பெண் பார்க்கப் போன அன்றுதான் அது எனக்கு விளங்கியது.

சமவெளியில் வளர்ந்த எனக்கு மலை புதிது. போதாததற்குச் சளி வேறு. வண்டி வளைவுகளில் திரும்பத் திரும்ப, இரண்டு காதிலும் பஞ்சை வைத்துத் தைத்தாற்போல் அடைத்துக்கொண்டது. பயம் பிடித்துக்கொண்டது. காரணம், என் பெரியப்பா. அவருக்கு என் வயதில்தான் காது கேட்காமல் போனது. (பெண் வீட்டில் அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.) எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

கைபேசியில் தேடினேன். சளியோடு மலையேறினால் காது அடைக்கும்; கொட்டாவி விடு, எச்சில் விழுங்கு, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊது என்றது. சிலருக்கு இது செவித்திறன் குறைவதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று அடியில் ஒரு வரி. நான் அந்த வரியைத்தான் நம்பினேன்.

யார் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவது, இடையிடையே வைத்தியம் பார்ப்பது என்று திட்டம். பெண் காப்பியோடு வந்தபோது கொட்டாவி விட்டேன். அவளுடைய அப்பா தோட்டத்தைக் காட்டி ஏதோ வாயசைத்தபோது இன்னொன்று. அடைப்பு அசையவில்லை. கடைசியில் அவர் முகத்துக்கு நேராக மூக்கைப் பிடித்து ஊதினேன்.

“என்ன மாப்ளே, எங்க வீடு அம்புட்டு நாறுதா?” என்று கேட்டாராம். (பிறகு சொன்னார்கள்.) நான் மலர்ந்த முகத்தோடு, ஆமாம் என்று தலையாட்டினேன்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெண் என் காதைச் சுட்டி ஏதோ சொல்லிவிட்டு, தட்டிலிருந்த மலைவாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். மென்று விழுங்கினேன். ‘டப்’. உலகம் திரும்பி வந்தது. வந்ததும் முதலில் கேட்டது அம்மாவின் குரல்.

“சத்தியமாச் சொல்றேண்ணே, காது கேக்காதது இவன் பெரியப்பாவுக்குத்தேன். இவனுக்கு நல்லாக் கேக்கும்.”

தொலைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“கீழயிருந்து வாரவுகளுக்கு அடைக்கத்தேன் செய்யும்ப்பா,” என்றாள் பெண். “இவுக கொஞ்சம் அதிகமாப் பயந்துட்டாக.”

அவளுடைய அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

இன்றும் மாமனார் வீட்டில் எனக்குத் தண்ணீருக்கு முன்னால் வாழைப்பழம்தான் வரும். “வீடு எப்படி மாப்ளே, பரவாயில்லயா?” என்பார் மாமா, அத்தனை பேர் முன்னாலும். பழத்தை முழுசாக விழுங்கிவிட்டுத்தான் தலையை அசைக்கிறேன்.