மாப்பிள்ளை மீது அந்தோணியாரிடம் ஒரு புகார்

எனக்கு நீச்சல் தெரியாது, பாட்டு வராது, சந்தேகப்படுவது மட்டும் நன்றாக வரும். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் நிச்சயமாகக் கலந்திருக்கிறார் என்று நினைப்பேன். அப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் இது ரத்தத்தில் வந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். (ஆனால் அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றும்போதே சந்தேகத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிற மனிதர்.) நான் லாரி ஆபீஸில் லோடு சரிபார்க்கிற வேலையில் இருந்தேன். தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, மனிதர்களையும் அப்படியே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

சூரமங்கலத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தோணியார்தான். சாவியைக் காணோமா, அந்தோணியார். ரேஷன் கார்டைக் காணோமா, அந்தோணியார். அக்கா ஸ்டெல்லா பிறந்து ஆறு வருடம் ஆகியும் அடுத்த குழந்தை இல்லாததால் அம்மா அவரிடம்தான் போய் அழுதாராம். அப்படிக் கிடைத்தவன் நான், ஆகவே அந்தோணிராஜ். என் பெயர்ப் புனிதர் எனக்கென்று தனியாக ஒரு ஃபைல் திறந்து வைத்திருக்கிறார் என்ற நினைப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கோவிலுக்குப் போகிற பழக்கம்தான் இல்லை.

அக்காவுக்கு அப்போது முப்பது வயது, எனக்கு இருபத்து நான்கு. அவளுக்கு இரண்டு இடம் பேசி, உறுதி செய்கிற நேரத்தில் இரண்டுமே தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக வந்தவர் எருமப்பட்டி சகாயராஜ். ஊரில் கோழித்தீவனக் கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோது அம்மா பதில் கேட்பதற்கு முன்பே அக்கா சிரித்துவிட்டாள். அதற்கு முன்னால் இரண்டு பேர் வந்து பஜ்ஜி சாப்பிட்டபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

வீடே சந்தோஷமாக இருந்தது. எனக்குத்தான் உறுத்தியது. மனிதர் எதையும் கேட்கவில்லை. “எங்களுக்குப் பொண்ணு மட்டும் போதுமுங்க” என்றார். கேட்டிருந்தால் பேராசைக்காரர் என்று முடிவுகட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எதுவும் கேட்காதவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? போதாததற்கு என்னையும் “வாங்க மச்சான், போங்க மச்சான்” என்று மரியாதையாகப் பேசினார். ஆறேழு வயது மூத்தவர் எனக்கு எதற்கு இவ்வளவு மரியாதை தர வேண்டும்? என்னத்தையோ மறைக்கிறார் என்று எழுதி வைத்துக்கொண்டேன். (நிஜமாகவே எழுதினேன். ஆபீஸ் டைரியில்.)

பிறகுதான் செவ்வாய்க்கிழமை விஷயம் கண்ணில் பட்டது. பத்திரிகை அடிப்பது சம்பந்தமாக ஒரு செவ்வாய் மாலை போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். அடுத்த செவ்வாயும் வேண்டுமென்றே செய்து பார்த்தேன், ஸ்விட்ச் ஆஃப். நான்கு மணிக்கு அணைகிற போன் ஏழு மணிக்கு மேல்தான் உயிர்பெறுகிறது. புதன்கிழமை விசாரித்தால், “சோலியா இருந்தேனுங்க மச்சான்” என்று சிரிப்பு. வாராவாரம் மூன்று மணி நேரம் அப்படி என்ன சோலி?

மூன்றாவது செவ்வாய் தானாகவே மாட்டினார். ஐந்து ரோடு பக்கம் நான் பைக்கில் வந்துகொண்டிருந்தேன், எதிரே எருமப்பட்டித் தீவனக் கடைப் பெயர் போட்ட வேன். அறுபது கிலோமீட்டர் தாண்டி சேலம் வந்திருக்கிறார், பெண் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை! பின்னாலேயே போனேன். ஒரு பேக்கரி முன்னால் வேன் நின்றது. இரண்டு பெரிய பை நிறைய பன் வாங்கிக்கொண்டு ஏறினார். சிக்னலில் நான் சிவப்பில் மாட்டிக்கொள்ள, வேன் போயே போய்விட்டது.

சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் நான் முடிவுக்கு வந்துவிட்டேன். இவருக்குச் சேலத்தில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. பன் எண்ணிக்கையைப் பார்த்தால் குறைந்தது நான்கு குழந்தைகள்.

வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஞாயிறு வந்து, கோவிலில் இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, “இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்” என்பார்கள். நேராக ஃபாதரிடம் போகலாம்தான். ஆனால் ஆதாரம் என்று என்னிடம் இருந்தது பன் மட்டும்தான். அப்போதுதான் அந்தோணியார் ஞாபகம் வந்தது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர், மூன்று மணி நேரம் காணாமல் போகிற ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்க மாட்டாரா?

கோவிலில் அவர் சிலைக்குக் கீழே விண்ணப்பப் பெட்டி உண்டு. மனதில் இருப்பதை எழுதிப் போட்டால், வருடக் கடைசியில் பிரிக்காமலே எரித்துவிடுவார்கள். புனிதருக்கும் நமக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். சின்ன வயதில் நானே கணக்குப் பரீட்சைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆகவே அடுத்த செவ்வாய் மதியம், கோவிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, லாரி ஆபீஸ் வழக்கப்படி ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஒரு முழுப் பக்கப் புகாரை மடித்து உள்ளே தள்ளினேன். மனசு லேசாகிவிட்டது.

சாயங்காலம் அம்மா பிடித்துக்கொண்டார். “எப்பவும் முட்டி வலின்னு காலைப் பூசையோட வந்துர்றேன். செவ்வாக்கெழமை அந்தோணியார் நாள், இன்னிக்கு அக்கா கல்யாணத்துக்காக சாயங்கால நவநாள் பூசை பாக்கணும், வண்டியில கூட்டிட்டுப் போ. நீயும் உள்ள வந்து உக்காரணும்.”

போய் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அக்கா வழக்கம்போலப் பாடற்குழுவில் மைக் முன்னால் நின்றாள். ஆண்கள் பக்கம் கடைசித் தூணருகே பார்த்தால், கண்மூடி முழங்காலில் நிற்கிறார் சகாயராஜ். பக்கத்தில் இரண்டு பை பன்! ஆஹா, கையும் களவுமாக அகப்பட்டார் என்று நினைத்தேன். (கோவிலில் முழங்காலில் நிற்பவரைக் கையும் களவுமாகப் பிடித்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.) நான் போட்ட காகிதத்துக்கு அந்தோணியார் இவ்வளவு வேகமாக வேலை செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மன்றாட்டு முடிந்ததும் எமிலி டீச்சர் எழுந்து மைக்குக்கு வந்தார். மூன்றாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்தவர். கையில் ஒரு கட்டுக் காகிதம்.

“என்னம்மா அது?” என்று அம்மாவிடம் கிசுகிசுத்தேன்.

“விண்ணப்பம்டா. புது ஃபாதர் வந்ததுல இருந்து பெட்டியத் தெறந்து எல்லாத்தையும் வாசிக்கிறாங்க. எல்லாரும் சேந்து வேண்டிக்கலாம்ல?”

“எல்லாத்தையுமா?”

“ஒரு எழுத்து விடாம. டீச்சர் ரொம்ப கரெக்ட்டு.”

எழுந்து ஓடலாமா, மெயின் சுவிட்சை அணைக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு பெண்ணின் மூட்டுவலி, ஒரு பையனின் விசா, ஒருவர் வீட்டுத் தகராறு எல்லாம் முடிந்துவிட்டன. ஒவ்வொன்றின் முடிவிலும் கூட்டம் ஒரே குரலில், “புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. டீச்சர் அடுத்த காகிதத்தைப் பிரித்தார். ஆபீஸ் லெட்டர்பேடின் நீலக் கோடு எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

“உமது பெயரைத் தாங்கிய அடியேன் எழுதிக்கொண்டது. ஒன்று. என் அக்கா ஸ்டெல்லாவுக்கு நிச்சயித்திருக்கும் எருமப்பட்டி சகாயராஜ் மீது எனக்குப் பலத்த சந்தேகம் உள்ளது.”

டீச்சர் மூச்சுவிட நிறுத்தினார். பழக்கதோஷத்தில் கூட்டம், “புனித அந்தோணியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது.

“இரண்டு. செவ்வாய்தோறும் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை இவர் எங்கே போகிறார் என்பது யாருக்கும் தெரியவில்லை.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” பாதிப் பேர்தான் சொன்னார்கள். மீதிப் பேர் கடைசித் தூணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாராவாரம் அவரை அங்கேயே பார்த்தவர்கள்.

“மூன்று. இரண்டு பை பன் வாங்குகிறார். இவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறதா? மூன்றாம் ஓலைக்குள் உண்மையைக் காட்டிக்கொடுத்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு அந்தோணிராஜ், லோடு செக்கிங்.”

பதில் சொல்ல ஒரு குரல்கூட எழவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பாடற்குழுவில் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. கோவிலில் நடப்பதெல்லாம் யூடியூபில் நேரலையாகப் போகிறது என்பதும் எனக்குத் தெரியாது. எருமப்பட்டியில் மாப்பிள்ளையின் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆயிற்றே, அதனால் என் அப்பாவுக்கு அடித்தார். நாற்பது வருடம் வித்தவுட் பயணிகளிடம் பேசிய அப்பா அன்றைக்குத் தானே வித்தவுட்டில் பிடிபட்டவர் மாதிரி கெஞ்சினாராம்.

பூசை முடிந்து ஃபாதர் அறையில் நின்றோம். “இது பதிமூணாவது செவ்வாயுங்க ஃபாதர்” என்றார் சகாயராஜ். “கல்யாணம் தடையில்லாம நடக்கோணும்னு நேந்துக்கிட்டனுங்க. பன்னு, வாசல்ல உக்காந்திருக்கற இல்லாதவங்களுக்கு அந்தோணியார் பேருல குடுக்கற ரொட்டிங்க. நேத்திக்கடன் முடியற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேனுங்க. ஸ்டெல்லா மட்டும் பாட்டுப் பாடற எடத்துல இருந்து பாத்துருக்குமுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க மச்சான், சந்தேகம்னா என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?”

தடையில்லாமல் நடக்கப் பதிமூன்று வாரம் வேண்டியிருக்கிறார் மனிதர். பதிமூன்றாவது வாரம் நானே தடையாகப் போய் நின்றேன்.

ஃபாதர் தலையில் கைவைத்துக்கொண்டார். “இவர் சொல்றதை நான் நம்புறேன். ஆனா ஆட்சேபம்னு எல்லாரும் கேட்டாச்சு. மாப்பிள்ளை வீட்ல சம்மதம்னு வந்து சொல்லாம நான் மூணாவது ஓலை வாசிக்க மாட்டேன்.”

வீட்டில் அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னாள். “முன்னாடி ரெண்டு போனப்ப எனக்கு ஒண்ணும் இல்லடா. இவரை எனக்குப் பிடிச்சிருக்கு. இது போச்சுன்னா நான் உன்கூடப் பேசவே மாட்டேன்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காகத்தானே எல்லாம் செய்தேன் என்று ஒரு வாக்கியம் வாய் வரை வந்தது, நல்ல வேளை விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அப்பாவும் நானும் எருமப்பட்டி போனோம். மாப்பிள்ளையின் அம்மா தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குத் தண்ணீர் வந்தது, உட்காரச் சொல்லி வார்த்தை வரவில்லை. கடைசியில் சொன்னார்: “என்ற பையன் மேல சந்தேகப்பட்ட ஊட்டுல எப்படிங்க சம்மந்தம் பண்றது?”

“தப்புதாங்கம்மா” என்றேன். “அக்கா மேல ஒரு தப்பும் இல்லீங்க. புத்தி கெட்டவன் நான்தாங்க. அவங்களை விட்ராதீங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏஞ்சாமி, என்ற பையன் பதிமூணு வாரம் அந்தக் கோயலுக்கு வந்தான். நீ உள்ளூருதான? எத்தன வாரம் போன?”

“ஒரே ஒரு வாரம்ங்க.”

“ஒரு வாரம் போனதுக்கே இந்தக் கூத்தா!” என்றவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கும் சிரிக்கலாமா என்று சந்தேகமாக இருந்தது, சும்மா நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து ஃபாதரிடம் சம்மதம் சொன்னார். அதே மைக் முன்னால் நின்று, எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று நான் உளறி முடித்ததும் மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. தப்பித்தோம் என்று வெளியே வந்தால் வாசலில் எமிலி டீச்சர். “அந்தோணி, உண்மையைக் காட்டிக்கொடுத்தா மொட்டைன்னு எழுதியிருந்தியே. காட்டிக்கொடுத்தாரா, இல்லையா?”

“டீச்சர், நான் கேட்ட உண்மை வேற...”

“உண்மையில வேற உண்மைன்னு ஒண்ணு இருக்கா?” என்று அம்மா முடித்துவைத்தார். புனிதரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றக் கூடாதாம். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. ஆறு நாளில் எவ்வளவு முடி வளர்ந்துவிடும்?

எருமப்பட்டியில் அக்கா வீட்டு ஹாலில் இன்றும் அந்தக் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. மாமா, அக்கா, பக்கத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் மொத்தத்தையும் வாங்கிப் பளபளக்கிற என் தலை. புதிதாக யார் வந்து கேட்டாலும் மாமா, “அதுங்களா? என்னையப் பத்தி விசாரிக்கச் சொல்லி அந்தோணியாருக்கே ஆர்டர் போட்ட எங்க மச்சானுங்க” என்று ஆரம்பித்துவிடுவார். படத்தில் மற்ற எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அக்கா மட்டும் என் தலையைப் பார்த்து, கல்யாணப்பெண் என்பதையே மறந்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஆல்பத்தில் நல்ல படம் நூறு இருக்க, இதைத்தான் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். அவள் வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள் என்று எனக்குப் பலத்த சந்தேகம்.