சூப்பரக்காவும் கோஸ் மாலையும்

கொடைக்கானல் மலையில் இதுவரை நடந்த போர்களிலேயே பெரியது, வில்பட்டியில் சூப்பரக்கா நடத்தியதுதான். சரித்திரத்தில் தேடாதீர்கள். கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதுவும் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு.

அப்போது எனக்குக் கொடைக்கானல் பள்ளி ஒன்றில் நூலகர் வேலை. குடியிருந்தது வில்பட்டியில். என் அறைக்குக் கீழே அக்காவின் கேரட் தோட்டம். யாரோ சுற்றுலாப் பயணி விட்டுப்போன சிவப்பு மழைக்கோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள மாட்டார். அதன் கை இரண்டையும் கழுத்தில் முடிந்து, முதுகில் பறக்கவிடுவார். அதைப் பார்த்து ஒரு வெளியூர்க் குழந்தை "சூப்பர் உமன்!" என்று கத்தியது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்துவிட்டது.

"போட்டுக்கிட்டா கை வீச முடியலைங்க சார். சண்டைன்னா கை ஃப்ரீயா இருக்கணும்ல?"

சண்டை சூரனோடு. சூரன் என்பது ஓர் ஒற்றைக் காட்டுமாடு. வேனுக்குப் பக்கத்தில் நின்றால் வேன் இளைத்துத் தெரியும். விடியற்காலையில் ஒரு தடவை வந்து போனால் ஒரு பாத்தி காலி. அக்கா தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி வேலி போட்டார். அதில் ஒன்றைக் கொம்பில் மாட்டிக்கொண்டு சூரன் ஊர்வலம் போனது.

இருபது வருடம் கூலிக்குக் களை எடுத்தவர், முதன்முதலாகக் குத்தகைக்குப் பிடித்த நிலம் அது. "இந்தக் கேரட்டு போச்சுன்னா மறுபடி அடுத்தவங்க தோட்டத்துலதான் சார் குனியணும்" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

துணைக்கு ஒரு தளபதி உண்டு. தோட்டத்து மூலையில், வேலிக்கு வெளியே, மீசையும் வாளுமாக நிற்கும் கல் வீரன். புலியோடு மல்லுக்கட்டி இந்த மேட்டைக் காத்தவர் என்பது ஊர் நம்பிக்கை. கேரட் விரல் தடிமன் ஆனதும் அவருக்கு மாலை போடுவது வழக்கம். அக்கா அவரிடம் தினமும் திட்டம் பேசுவார்.

"நீங்க இடப்பக்கம் பாத்துக்கங்க, நான் வலப்பக்கம் பாத்துக்கிறேன். தூங்கிறாதீங்க!"

அந்த வருடம் மாலை போடும் நாளில் அடைமழை. பெருமாள்மலை வரை போயும் பூ கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கழித்துப்போட்ட கோஸ் இலைகளைக் கோத்து, வீரன் கழுத்தில் போட்டுவிட்டார் அக்கா. காட்டுமாட்டுக்கு விருந்து வைக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வெள்ளனே சூரன் வந்தது. எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தபடி, சிவப்புக் கோட்டு பறக்க, அக்கா ஓடினார்.

"ஏலே சூரா! வெரசா ஓடிரு! வீரன் நிக்கிறாரு!"

சூரன் ஓடியது, அக்காவை நோக்கி. தட்டைப் போட்டுவிட்டு அக்கா வீரனுக்குப் பின்னால் ஒடுங்கினார். மேலே நான் ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன். வீரனுக்கு முன்னால் வந்து நின்ற சூரன் மோந்து பார்த்தது. நிதானமாக மாலையைத் தின்று முடித்தது. வீரன் முகத்தை ஒரு தடவை நக்கிவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

அக்கா எழுந்து கோட்டை உதறினார். "பாத்தீங்களா சார்? வீரன் ஒத்த வார்த்தைதான் பேசினாரு."

அன்றிலிருந்து தினம் ஒரு மாலை. நாளுக்கு நாள் பெருத்து, கடைசியில் வீரனின் மீசை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"மாட்டுக்குத் தீனி போடுறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"சாமிக்குப் போடுறேன் சார். சாமி அதை யாருக்குக் குடுக்குதுன்னு பாக்குறது நம்ம சோலியா?"

கேரட் பிழைத்தது. அறுவடையன்று அக்கா மூன்று கேரட் கட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். "வீரனுக்கு ஒண்ணு, சூரனுக்கு ஒண்ணு. இது, ஜன்னல்ல நின்னு எனக்காகப் பயந்தவருக்கு."

என் பங்குக் கேரட்டை நான் சமைக்கவில்லை. வாடிச் சுருங்கும்வரை என் மேஜைமேலேயே வைத்திருந்தேன்.