படகுத்துறைப் பக்கத்தில் ஒரு வரி

அன்புள்ள அக்கா மகனுக்கு, மாமா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தையும் படகும் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல இதை அடிப்பது செல்போன் கடைத் தங்கச்சி. அதனால் அவள்மேல் எனக்கிருக்கும் சந்தேகத்தை இதில் எழுத முடியாது.

விஷயம் என்னவென்றால், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் நம்ம படகுத்துறைக்கு நீ ஒரு பக்கம் போட்டாய் அல்லவா, நல்ல பக்கம், ஆற்றின் அகலம்கூடப் போட்டிருந்தாய் (கோடையில் அளந்ததா, மழையில் அளந்ததா என்பது வேறு கதை, அதை அப்புறம் பேசிக்கலாம்), அதுல ஒருத்தன் நைசா ஒரு வரியைச் சொருகிட்டான்: "இத்துறையில் முப்பது ஆண்டுகளாகப் படகு ஓட்டுபவருக்கு நீச்சல் தெரியாது." அன்னைக்கிலிருந்து ஜனங்க படகுல கால் வைக்கிறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாக்குது. பாதிப் பேரு என் மச்சானோட மோட்டார் படகுக்குப் போயிட்டாங்க. இப்படியே போனா மழைக்கு முன்னாடி நான் படகை வித்துட வேண்டியதுதான்.

தங்கச்சிகிட்ட சொல்லி அழிச்சேன். மத்தியானம் திரும்ப வந்திருச்சு. அழிச்சேன், வந்திருச்சு. நாலாவது தடவை அழிச்சதும் ஒரு நாளைக்கு என்னையே உள்ள விடலை. எழுதினது யாருன்னு பாத்தா, பேரு 'ஆத்தோரம்'. நம்ம ஊர்ல ஆத்தோரம் இல்லாதவன் யாரு மாப்ள? கரையில ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு பாத்தேன். முடிதிருத்துறவர் என்னைக் கண்டதும் கத்தியக் கீழ வெச்சாரு. ஏன் வெக்கணும்? மச்சான்கிட்ட நேராவே கேட்டேன்.

"ஏன்யா, நீதானே எழுதின?"

"எனக்கு எஞ்சின் துடைக்கவே நேரமில்ல மச்சான்."

"சிரிக்காம சொல்லு."

"சிரிக்காம எப்படிச் சொல்றது? விஷயம் அப்படி!"

அப்புறம் அந்தக் களஞ்சியத்தோட நிர்வாகின்னு ஒருத்தர் வந்து, பக்கத்துக்குப் பின்னாடியே எழுதி எழுதி வாதாடுறதுக்குப் பேச்சுப் பக்கம்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் அதுல பேசித் தீத்துக்கங்கன்னாரு. மூஞ்சியப் பாக்காம என்ன பஞ்சாயத்து? ஆத்தோரம் எழுதுது: "ஐயா, வருந்த வேண்டாம். தாங்கள் படித்துறையில் வழுக்கி விழுந்து, சலவைக்காரரால் காப்பாற்றப்பட்ட செய்தி நாளிதழில் வந்துள்ளது." பாத்தியா, ஐயாவாம்! நம்ம ஊர்ல எனக்கு ஐயா போடுறவன் எவன்? அங்கதான் சந்தேகம் ரெண்டு மடங்காச்சு. அந்தச் சலவைக்காரர் கதையையும் கேட்டுக்கோ, அவர் என்னைக் காப்பாத்தலை, போர்வைன்னு நினைச்சு இழுத்தாரு.

எனக்கு நீச்சல் தெரியும்னு நானே எழுதினேன். "உங்களைப் பற்றி நீங்களே சொல்வது சான்றாகாது"ங்கறாரு நிர்வாகி. என் கையக் காலப் பத்தி எனக்குத் தெரியாதது நாளிதழுக்குத் தெரிஞ்சிருச்சா? கோவத்துல தங்கச்சிய போனோட கரையில நிக்கவெச்சு, "எது நடந்தாலும் படத்தை ஏத்திடு"ன்னு சொல்லிட்டுக் குதிச்சேன். நடந்தது நடந்துச்சு. மச்சான்தான் நீந்தி வந்து சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். தங்கச்சி சொன்ன சொல் தவறாத பொண்ணு, ஏத்திருச்சு. இப்ப வரியும் இருக்கு, அதுக்குப் பக்கத்துல படமும் இருக்கு. "சான்று போதுமானது"ன்னு நிர்வாகி பக்கத்தையே பூட்டிட்டாரு.

அந்தப் பக்கத்தைத் தொடங்கினவன் நீ. நீயே நிர்வாகிகிட்ட பேசி அந்த வரியை வேரோட பிடுங்கு. இல்லாட்டி அக்கா மகன்னு சொல்லிக்கிட்டு இனிமே என் படகுல ஓசியில ஏறாதே.

அக்காவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருங்க. ஆத்தோரம் மட்டும் தொண்ணூறு.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: இதை அனுப்புறதுக்குள்ள கரைக்குப் போயிட்டு வந்தேன். மச்சான் படகு காலி. என் படகுல உக்கார இடமில்லை. மடியில பையை வெச்சுக்கிட்டு ஒரு அம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லுது: "மோட்டார்காரன் கவுத்துட்டு நீந்திப் போயிடுவான். இவரு கவுக்கவே மாட்டாரு, உசுருக்குப் பயந்த மனுஷன்." வரி இருக்கட்டும் மாப்ள, கை வெச்சிடாதே. மச்சானுக்கு ரொம்ப நல்லா நீச்சல் தெரியும்னு மட்டும் கீழ ஒரு வரி சேக்கச் சொல்லு. சான்று கேட்டா, அந்தப் படத்துலயே இருக்கான்.