மாமா எந்தத் திணை?

ஹிபிஹாபா ஊரில் பெரியம்மா வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமா எவேலியோ அவர்களுக்கு, தங்கை மகள் யெலிட்சா பணிவுடன் எழுதுவது. இங்கே நான், அத்தை, கழுதை மக்காரியோ மூவரும் நலம். அங்கே தங்கள் நலத்தையும் பெரியம்மாவின் பொறுமையையும் அறிய ஆவல்.

மாமா, பலகை விஷயத்தில் என்மேல் தப்பே இல்லை. 'மீன் சமைக்கும் எவேலியோ, மூட்டை தூக்கும் மக்காரியோ' என்று நம் விடுதி வாசல் பலகையில் இங்கிலீஷில் எழுதச் சொன்னீர்கள். 'சமைக்கும்', 'தூக்கும்' என்று ஆளோடு வேலையைச் சேர்க்க நம் ஸ்பானிஷில் 'கே' என்ற ஒரே சொல் மனிதன், கழுதை, வாளி எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கிலீஷில் 'ஹூ', 'விச்' என்று இரண்டு உண்டு என்றேன். விளக்குவதற்குள் தூரிகையைப் பிடுங்கியது யார்?

"எதுடி நீளம்?"

"விச்தான் மாமா."

"அப்ப அது எனக்கு. சின்னப் பசங்கள 'தூ'ங்கறோம், பெரியவங்கள 'உஸ்தேத்'ங்கறோம். மரியாதைன்னா நீளமா இருக்கணும். கழுதைக்குக் குட்டையே போதும்."

பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பெண் நான். இப்போது சொல்கிறேன்: 'ஹூ' உயர்திணை, 'விச்' அஃறிணை. அதனால்தான் கனடாவிலிருந்து வந்த ஹில்டா அம்மாள் பஸ்ஸிலிருந்து பையை இறக்கி, பலகையைப் படித்ததும், "மூட்டை தூக்குற தம்பி மக்காரியோ எங்க? அப்புறம், மீன் சமைக்கிற உங்க எவேலியோ கேஸ்ல ஓடுதா, கரண்ட்லயா?" என்று கேட்டாள். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், பஸ்ஸே சிரித்தது, நீங்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். ஆனால் அந்த அம்மாள் வேர்க்கடலை அரைத்துவிட்ட மீன்குழம்பு கிடைத்தால் மாதம் முழுக்கத் தங்குவாளாம். அத்தை வைத்த குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள். நமக்கு வாய்த்த ஒரே விருந்தாளி, மாமா! "இவளும் போனா விடுதிய மூடிட்டு ரூம்ல கோழி வளக்கப்போறேன், உங்க மாமனுக்கும் ஒரு கூடு போட்டுடறேன்" என்கிறாள் அத்தை. பலகையில் உங்களுக்கு 'ஹூ' போட்டுத் திருத்திவிட்டேன். முழு மனிதராகவே திரும்பி வரலாம்.

பெரியம்மாவுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் கோபத்தைச் சீக்கிரம் ஆற்றுவாராக.

கீழ்ப்படிதலுள்ள,
யெலிட்சா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஹில்டா அம்மாள் பழைய பலகையைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள். எல்லாருக்கும் எவேலியோ என்ற அடுப்பைப் பார்க்க வேண்டுமாம். அத்தை 'ஹூ'வை அழித்துவிட்டு 'விச்'சை இன்னும் பெரிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள். உடனே வாருங்கள். அவர்கள் எதிரில் மட்டும் வாயைத் திறக்க வேண்டாமாம்.