ஒரு கேஸ்கட்டும் ஐந்து வார இலவசமும்

கொடை வள்ளல்களின் பட்டியலைத் திருத்தி எழுதும் காலம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தேரைக் கொடுத்தார்கள், போர்வையைக் கொடுத்தார்கள், சரி. வாங்கியவர் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தார்களா? அந்தப் பெருந்தன்மை நம் காலத்து ஆன்லைன் கடை ஒன்றுக்குத்தான் வாய்த்தது. நாம் ஆயிரம் ஷில்லிங்குக்குப் பொருள் வாங்கினால் போதும், வண்டிக்கூலி 'இலவசம்'. கடையின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் விளம்பரமாகிவிடும், விளம்பரத்துக்கு அவர்கள் ஒன்றும் தரவில்லை.

நைரோபியின் உமோஜாவில் பராக்கா கோர்ட் என்று ஒரு நான்கு மாடிக் கட்டடம். அதன் கேட்டருகே மாலை நேரத்தில் வேகவைத்த பீன்ஸை கப் கணக்கில் விற்பவள் சிப்போரா முத்திண்டி. அவளுடைய பிழைப்பே ஒரு பதினோரு லிட்டர் குக்கரில் இருந்தது. தோஹாவில் வீட்டு வேலை பார்த்த தங்கை அனுப்பியது. ஒரு திங்கட்கிழமை அதன் கேஸ்கட் பிய்ந்து போயிற்று. மூடியைச் சுற்றி ஆவி போனது, ஆவியோடு லாபமும் போனது. முக்கால் மணி நேரத்தில் வெந்த பீன்ஸ் கரியடுப்பில் நாலு மணி நேரம் எடுத்தது. விற்ற காசெல்லாம் கரிக்காரனுக்குப் போயிற்று.

ரிவர் ரோட்டில் பதினோரு கடை ஏறி இறங்கினாள். அந்த அளவு கேஸ்கட் எங்கும் இல்லை. ஆன்லைன் கடையில் மட்டும் இருந்தது. விலை முந்நூற்றைம்பது, வண்டிக்கூலி முந்நூறு.

“போனாப் போகுது, கூலியைக் கட்டித் தொலைக்க வேண்டியதுதான்” என்று மாடிப்படியில் நின்று போனைப் பார்த்துச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஹபக்கூக் சிமியு இறங்கி வந்தார்.

சிமியு மாவட்ட லைசென்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டுச் சொந்தக்காரரின் ஏஜென்ட். கேட்டருகே யார் கடை போடலாம், யார் போடக் கூடாது என்பது அவர் வாயில் இருந்தது.

“என்ன சொன்னே? கூலி கட்டப் போறியா?”

“ஆமாங்கய்யா. அவசரம்.”

“சகோதரி சிப்போரா, இலவசம்னு ஒண்ணு இருக்கையில காசு குடுத்தா அது அந்த இலவசத்துக்கே அவமானம். நாளைக்கு ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வா. ஒரு சாமா ஆரம்பிச்சுடுவோம்.”

வர முடியாது என்று சொல்ல சிப்போராவுக்கு வாய் வரவில்லை. கேட்டருகே இருக்கும் தன் கடை ஞாபகம் வந்தது.

நைரோபியில் நாலு பேர் ஒரு படிக்கட்டில் சந்தித்தால் மூன்றாம் நாள் அது சாமா ஆகிவிடும். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, முறை வைத்து வாரம் ஒருவருக்குக் கொடுக்கிற சங்கம். அதற்குத் தலைவர் உண்டு, பொருளாளர் உண்டு, கூட்டக் குறிப்பு உண்டு, தாமதமாக வந்தால் அபராதம் உண்டு. ஆக, பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து 'பராக்கா கோர்ட் இலவச விநியோக முன்னேற்ற சாமா' உதயமாயிற்று. எல்லோரும் சேர்ந்து வாரம் ஒரு ஆர்டர். ஆர்டருக்கு ஒருவர் முறை. அவருக்கு வேண்டிய பொருளோடு மற்றவர்கள் எதையாவது சேர்த்துத் தொகையை நிரப்ப வேண்டும். இதுதான் திட்டம். உலக வங்கிக்குக்கூட இப்படி ஒன்று தோன்றியதில்லை.

முதல் கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. “மேடை மரபுகள் அனைத்தும் கடைப்பிடிக்கப்பட்டன” என்றார் தலைவர் சிமியு, தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி. பிறகு நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, “இந்தச் சில வார்த்தைகளுடன்” என்று முடித்தார்.

தரைத்தளத்து லகாட் கையைத் தூக்கினார். நரைத்த மீசை, மழைக்கோட்டு, மடியில் ஹெல்மெட்.

“தலைவரே, ஒரு விஷயம். அந்தக் கடையோட கிடங்கு இருக்கே—”

“நீங்க அவங்களுக்குத்தானே மோட்டார் சைக்கிள் ஓட்டுறீங்க?”

“ஆமா, அதனாலதான் சொல்றேன்—”

“அதனாலதான் நீங்க பேசக் கூடாது. இதுக்குப் பேரு நலன் முரண்பாடு. கடையைப் பத்திப் பேசும்போதெல்லாம் உறுப்பினர் லகாட் கதவுக்கு வெளிய இருப்பார். குறிப்புல எழுதுங்க.”

லகாட் டீயோடு கொடுத்த மண்டாசி என்ற எண்ணெய்ப் பலகாரத்தில் தன் பங்கை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். கூட்டத்தில் கடையைத் தவிர வேறு பேச்சே இல்லாததால் கடைசி வரை வெளியேதான் நின்றார். கூட்டத்துக்கு வராததற்காக அவருக்கு ஐம்பது ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது.

முறைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு தலைவருக்கே விழுந்தது. குலுக்கியவரும் தலைவர்தான் என்பது தற்செயல். சிப்போராவுக்கு ஐந்தாவது.

“அய்யா, என்னுது பொழைப்பு. கொஞ்சம் முன்னாடி—”

“அவசரம்னு வந்தா நிர்வாகம் கெட்டுடும், சகோதரி.”

முதல் வாரம் தலைவருக்கு ஒரு மிதியடி வேண்டியிருந்தது. ஆயிரத்தை நிரப்ப ஒரு டஜன் குளியல் தொப்பி சேர்த்தார்கள். பராக்கா கோர்ட்டில் குழாயில் தண்ணீர் வருவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும். இருந்தாலும் தலைக்கு ஒரு தொப்பி என்று பகிர்ந்துகொண்டார்கள். முந்நூறு ஷில்லிங் மிச்சம் என்று தீர்மானம் எழுதிக் கைதட்டினார்கள்.

இந்த அன்பைக் கண்டு கடையும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் வாரம் குறைந்தபட்சத்தை ஆயிரத்து ஐந்நூறாக உயர்த்தியது. 'உங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய' என்று செய்தி வந்தது. தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். ஒரு தூண்டில் சேர்த்தார்கள். அதைப் போட விக்டோரியா ஏரிக்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டும். மூன்றாம் வாரம் இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒரு நாய்ப்பட்டை, இரண்டு உலக உருண்டை. கட்டடத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று விதி போட்டவரே தலைவர்தான். “நாயைத்தான் தடை பண்ணியிருக்கேன், பட்டையை இல்லை” என்று அவர் விளக்கம் தந்தார். நான்காம் வாரம் மூவாயிரத்து ஐந்நூறு ஆனபோது நிரப்புப் பொருளுக்கென்றே ஒரு துணைக்குழு அமைந்தது. ஒவ்வொரு வாரமும் லகாட் கையைத் தூக்கினார். ஒவ்வொரு வாரமும் கதவு சாத்தப்பட்டது.

சிப்போரா கரிப்புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே நாளை எண்ணினாள். நாலு மணி நேரம் வெந்தும் நடுவில் கல்லாகக் கிடந்த பீன்ஸைப் பார்த்துப் பழைய வாடிக்கைக்காரர்கள் எதிர்த் தெருக் கடைக்குப் போனார்கள். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் கரி வாங்க வேண்டி வந்தது. அழுகையாக வந்தது, ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது.

ஐந்தாவது வாரம் அவள் முறை. குறைந்தபட்சம் ஐயாயிரம். கேஸ்கட் முந்நூற்றைம்பது போக மிச்சத்தை ஒரே பொருளில் அடைத்துவிடலாம் என்று துணைக்குழு கண்டுபிடித்தது: காற்றடிக்கும் நீச்சல் குளம், ஆறு பேருக்கானது. கூட்டினால் சரியாக ஐயாயிரத்துப் பத்து. பொருளாளர் நியாபோகேவின் கண் கலங்கியது. வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் வரும் கட்டடத்துக்கு நீச்சல் குளம் வந்தது. கேஸ்கட் வரவில்லை.

போனில் விளக்கம் இருந்தது. கேஸ்கட் இருப்பில் இல்லை. அதை நீக்கியதால் தொகை ஐயாயிரத்துக்குக் கீழே போயிற்று. ஆகவே வண்டிக்கூலி முந்நூறு வசூலிக்கப்பட்டது.

சாமாவின் வரலாற்றில் முதல் முறையாகக் கூலி கட்டியாகிவிட்டது. அவசரக் கூட்டம் கூடியது. அத்தனை பேரும் சிப்போராவைப் பார்த்தார்கள்.

“யாருடைய பொருளால இந்தக் களங்கம் வந்தது?” என்றார் தலைவர்.

“இருப்புல இல்லேன்னா நான் என்னங்கய்யா பண்ணுவேன்?”

“குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியற வரைக்கும் வெளிய இருக்கணும்.”

வெளியே வந்தால் லகாட் நின்றுகொண்டிருந்தார். மண்டாசியைப் பிய்த்துப் பாதி நீட்டினார்.

“உன்னையும் தள்ளிட்டாங்களா?”

“கேஸ்கட்டுக்கு விசாரணைண்ணே.”

“அதைத்தானே அஞ்சு வாரமா சொல்ல வர்றேன். கிடங்கு எங்க இருக்குங்குறே? நம்ம பெட்ரோல் பங்க் பின்னாடி. நேர்ல போய் வாங்கினா குறைந்தபட்சமும் கிடையாது, கூலியும் கிடையாது.”

“ஆனா கேஸ்கட் இல்லேன்னு போட்டிருக்கே.”

“அட்டை கிழிஞ்சதை ஆன்லைன்ல போட மாட்டாங்கம்மா. கவுண்டர்ல கூடையில கொட்டி வச்சிருக்கான், பாதி விலைக்கு. இன்னிக்குக் காலையிலகூடப் பாத்தேன்.”

சிப்போரா அவரையே பார்த்தாள். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். உள்ளே தலைவரின் குரல் அபராதத்தின் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

போக எட்டு நிமிஷம், வர எட்டு நிமிஷம். திரும்பி வந்து, கேஸ்கட்டை மாட்டி, கீழே தன் கரியடுப்பிலேயே குக்கரை ஏற்றினாள். அவளுக்கு ஐந்நூறு அபராதம் என்று தீர்ப்பு வாசித்து, “இந்தச் சில வார்த்தைகளுடன்” என்று தலைவர் வாயெடுத்தபோது, கீழேயிருந்து ஒரு நீண்ட விசில் நாலு மாடிக்கும் கேட்டது.

தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. 'சாமாவின் அயராத முயற்சியால் உறுப்பினர் ஒருவருக்கு ஐந்தே வாரங்களில் கேஸ்கட் கிடைத்தது' என்று குறிப்பில் எழுதச் சொன்னார். அபராதம் அப்படியே நின்றது. கடை குறைந்தபட்சத்தை ஏழாயிரத்து ஐந்நூறாக உயர்த்தியதற்குப் பாராட்டுத் தீர்மானமும் நிறைவேறியது.

மறுநாள் மாலை கேட்டருகே பழைய கூட்டம். வாசனை நாலாவது மாடி பால்கனி வரை போயிற்று. தலைவர் எட்டிப் பார்த்தார்.

“சகோதரி சிப்போரா, ஒரு கப் பீன்ஸ் மேல கொண்டு வா.”

இத்தனை நாளும் ஒரு கப்புக்காக நாலு மாடி ஏறி இறங்கியவள் அவள். அன்று கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஒரு கப்புன்னா கீழ வந்து வாங்கிக்குங்க தலைவரே. மேல கொண்டு வரணும்னா குறைஞ்சது பத்து கப் வாங்கணும்.”

“பத்து வாங்கினா?”

“மேல கொண்டு வர்றது இலவசம்.”

தலைவரின் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடினார். அவசரக் கூட்டத்துக்கு மணி அடித்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகச் சிப்போராவின் பானையைத் தாண்டி, வெறுங்கையோடு படியேறினார்கள். லகாட் மட்டும் கேட்டருகே நின்று ஒரு கப் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அவருக்கு அனுமதி இல்லை.

கால் மணி கழித்துத் தலைவர் மறுபடி எட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கியது, குரலில் வெற்றி இருந்தது.

“பத்து கப் சேர்ந்துடுச்சு. இலவசம்தானே?”

கொடை என்றால் என்ன என்று ஐந்து வாரம் உட்கார்ந்து படித்தவள் அவள். பத்து கப்பையும் தலை தட்டி நிரப்பினாள்.

“இலவசம்தான் தலைவரே. நாளையிலேர்ந்து பதினஞ்சு.”